மானூர்க் கல்லும் மாமாவின் ராஜாவும்

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மாமா ஆரம்பித்தார். "ஏலே, ராஜா இருந்தா நாடு இப்படியா கெடக்கும்? ஓட்டுங்கறதே வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன சீக்குல்லா."

மாமாவுக்கு ராஜா என்றால் 2020-ல் காலமான சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதிதான். அந்தக் கோயிலில் ராஜ உடையில் அவர் தர்பாரில் உட்கார்ந்ததைப் பார்த்தவர். நானும் கும்பிட்டிருக்கிறேன், ஆனால் 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு வரி கேட்கும் அதிகாரம் இல்லாமல் போனதால்தான் அந்தக் காட்சி நமக்கு அவ்வளவு அழகாக இருந்தது என்பது என் கட்சி.

இந்து ராஜ்ஜியம் என்று இருந்த நேபாளத்தில் 2008-ல் அரசியல் நிர்ணய சபையே ஓட்டுப் போட்டு மன்னரை அனுப்பிவிட்டது. அதைச் சொன்னால் மாமா கேட்கமாட்டார், சரி.

மானூரைச் சொன்னேன். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் இருக்கிற நம்ம மானூர்தான். அங்குள்ள சுமார் கி.பி. 800-ஆம் ஆண்டுப் பாண்டியர் கல்வெட்டு, ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று விதி போடுகிறது. நிலப்பங்கு வேண்டும், தர்மம் படித்திருக்க வேண்டும், அப்புறம் எதை எடுத்தாலும் 'அன்று, அன்று' (அதாவது 'அல்ல, அல்ல') என்று மறுத்துக் கூட்டத்தைக் கெடுப்பவனுக்கு ஐந்து காசு தண்டம். ராஜா காலத்திலேயே சபை! ஆனால் அது பிராமணர் ஊர்ச் சபை, மாமாவுக்கோ எனக்கோ அதில் இடம் கிடைத்திருக்காது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த அஞ்சு காசு தண்டத்த இப்பவும் போடலாம்லா?" என்றார்.