கேட்கும்வரை பேசாத நடுவர்

பேஸ்பால் நடுவர் பணிக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஓடுபவர் முதலில் தொட வேண்டிய இடமான முதல் பேஸில் சக நடுவர் "அவுட்" என்று கைமுட்டியை உயர்த்திய அதே நொடியில், பந்தடிப்பவர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் நின்றிருந்த நான் "சேஃப்", அதாவது அவுட் இல்லை, என்று இரு கைகளையும் விரித்துவிட்டேன். நான் பார்த்தது சரியாகவே இருக்கலாம். ஆயினும், எதிரெதிரான இரண்டு தீர்ப்புகளைக் கண்ட இரு அணியினரும் அதன்பின் எங்கள் இருவரில் எவரையும் நம்பவில்லை.

கேட்கப்படாமல் இன்னொரு நடுவரின் தீர்ப்பைக் குறைகூறவோ மாற்ற முயலவோ கூடாது என்று பேஸ்பாலின் 8.02ஆம் விதி தெளிவாகவே சொல்கிறது. அதை நான் படித்திருந்தேன், பழகியிருக்கவில்லை.

இருவர் மட்டுமே நடுவராக நிற்கும் பேஸ்பால் ஆட்டத்தில், முதல் பேஸில் ரன்னர் (ஏற்கெனவே அங்கே வந்து நிற்கும் ஓட்டக்காரர்) இருக்கும்போது பந்து வெளிக்களத்துக்குப் போனால், அந்த ரன்னர் மூன்றாம் பேஸுக்கு ஓடக்கூடும் என்பதால் பிளேட் நடுவர் அங்கே விரைய வேண்டும். அவர் வருவார் என்ற உறுதி இருந்தால்தான் மற்றவர் பந்தை அடித்துவிட்டு ஓடுபவர்மீது கண் வைக்க முடியும். இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்கிறோம். சைகைகளும் அப்போதே முடிவாகிவிடும்.

பேஸ்பாலைப் போலவே சிறிய களத்தில் ஆடப்படும் சாஃப்ட்பாலில் பேஸ்களுக்கு இடையே 60 அடிதான். பேஸ்பாலில் அது 90 அடி. தூரம் குறைந்தால் யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. பல ஆண்டுகள் கழித்து அப்படியொரு சாஃப்ட்பால் ஆட்டத்தில், பந்தைப் பிடிக்க எட்டிய முதல் பேஸ் வீராங்கனையின், பேஸைத் தொட்டிருக்க வேண்டிய கால் அதை விட்டு ஒரு சாண் விலகியதைப் பார்த்தேன். சக நடுவர் "அவுட்" என்றார். என்னிடம் ஓடிவந்த பயிற்சியாளரிடம், "தீர்ப்பு சொன்னவரிடம் பேசுங்கள்" என்று மட்டும் சொன்னேன். பயிற்சியாளர் போய் அவரிடம் முறையிட்டதும், சக நடுவர் என்னை அழைத்தார். இரு அணிகளுக்கும் முதுகைக் காட்டி நின்றோம். "பந்து கைக்கு வந்தபோது கால் பேஸில் இல்லை," என்றேன். "உறுதிதானே?" என்றார். "உறுதி." உடனே திரும்பி, "சேஃப்" என்று அவரே அறிவித்தார். அடுத்து எழுந்த கூச்சலுக்கும் அவரே முகம் கொடுத்தார்.

தவறை ஏற்பதற்குத் தனித் துணிவு வேண்டும். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்டில், 26 பேரை வரிசையாக வெளியேற்றியிருந்த பந்தெறியாளர் அர்மாண்டோ கலராகாவின் குறையற்ற ஆட்டத்தை (எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டாத ஆட்டம்), கடைசியாக வெளியேற்ற வேண்டிய 27ஆவது ஆட்டக்காரர் சேஃப் என்ற நடுவர் ஜிம் ஜாய்ஸின் தவறான தீர்ப்பு கெடுத்தது. காணொளியைப் பார்த்த ஜாய்ஸ் தவறை மறைக்கவில்லை. ஓய்வெடுக்க வாய்ப்பிருந்தும், மறுநாள் பிளேட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்.

எங்கள் ஆட்டம் முடிந்து காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சக நடுவர், தான் எங்கே நின்றதால் அந்தக் கால் தெரியாமல் போனது என்று கேட்டார். மிக நெருங்கி நின்றதால் கோணம் கெட்டது என்றேன். தலையசைத்துவிட்டு, "கடைசி இன்னிங்ஸில் நீங்களும் மிகத் தாழ்வாக வந்த பந்துகளைச் சரியான வீச்சு என்று ஸ்ட்ரைக் கொடுத்தீர்கள்," என்றார்.