அது எந்த நாடு?

2022 ஆம் ஆண்டில், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் வசித்த அம்மா ஒருவர், தம் பெறாமகன் படகில் போய் அகப்பட்டிருந்த தீவை உலகப்படத்தில் காட்டும்படி கேட்டார். கொழும்புக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில் புள்ளியாகக் கிடந்த டியாகோ கார்சியாவைக் காட்டினேன். "தம்பி, அது எந்த நாடு?" என்றார். ஆட்சி பிரித்தானியாவினது, படைத்தளம் அமெரிக்காவினது, உரிமை கோருவது மொரிசியஸ் என்று சொன்னபோது அவர் முகத்தில் தெளிவு வரவில்லை.

புகலிடம் கோருவோரை அரசுகள் தீவுகளில் நிறுத்துவது, அங்கே சட்டத்தைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பதற்காகவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவுஸ்திரேலியா 2001 இல், கிறிஸ்மஸ் தீவைத் தன் மண்ணாகவே வைத்துக்கொண்டு குடிவரவு வலயத்திலிருந்து மட்டும் நீக்கியது. படகில் வந்து அங்கு இறங்கியவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் உரிமையை இழந்தார். பசிபிக் தீவு நாடான நவுருவிலும் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவிலும் அவர்களுக்கான முகாம்கள் எழுந்தன. 2013 இல், படகில் வருவோரைப் பொறுத்தவரை, தன் பெருநிலப்பரப்பையே அவுஸ்திரேலியா அவ்வலயத்துக்கு வெளியே தள்ளியது. அடுத்த ஆண்டு, புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர் வாரக்கணக்கில் சுங்கக் கப்பலொன்றில் நடுக்கடலில் அடைக்கப்பட்டுப் பின்னர் நவுருவுக்கு அனுப்பப்பட்டனர்.

டியாகோ கார்சியாவின் கதை இன்னும் கொடியது. படைத்தளத்துக்காக அதன் சொந்த மக்களான சாகோசியர்கள் 1973 ஆம் ஆண்டுக்குள் முற்றாக அகற்றப்பட்டனர். குடிமக்கள் எவரும் இருக்கலாகாது என்று வெறுமையாக்கப்பட்ட அதே தீவில்தான், 2021 ஒக்டோபரில் பழுதடைந்த மீன்பிடிப் படகிலிருந்து மீட்கப்பட்ட 89 தமிழர், பிள்ளைகள் உட்பட, வேலியடைத்த கூடாரங்களில் எலிகளோடு வாழவேண்டியதாயிற்று. அகதிகளைப் பாதுகாக்கும் ஐ.நா. அகதிகள் சாசனம் அத்தீவுக்கு விரிவுபடுத்தப்படவில்லை என்பது லண்டனின் நிலைப்பாடு. அவர்களின் தடுத்துவைப்புப் பற்றிய வழக்கை அத்தீவிலேயே விசாரிக்க 2024 ஜூலையில் ஏற்பாடானபோது, அத்தீவுப் பிரதேசத்தின் நீதிமன்றமே அங்கு செல்ல அமெரிக்கா தடைபோட்டது. "எந்த நாடு" என்ற கேள்வியின் ஆழத்தை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

செப்டெம்பரில் விசாரணை நடந்தது. டிசம்பரில், அத்தடுத்துவைப்பு சட்டவிரோதமானது என்று தீர்ப்பு வந்தது. அதற்குச் சில நாள்கள் முன்னரே பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். அந்த அம்மாவின் பெறாமகனும் அவர்களுள் ஒருவர். படகேறியபோது அவருக்கு வயது 22. விமானத்திலிருந்து இறங்கியபோது 25.