மூன்று வயதிலேயே நழுவிப்போகும் பிள்ளைகள்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் படித்தபோது ஒரு வகுப்பில் மட்டும் 30 பேருக்குக் குறையாமல் இருந்தோம். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராகச் சென்ற மாதம் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது, ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்தே 22 பெயர்கள்தான் இருந்தன.

தரம் இல்லாததால்தான் பிள்ளைகள் வருவதில்லை என்று ஊரில் பலரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசுத் தொடக்கப் பள்ளி 5 வயதில் முதல் வகுப்புக்குப் பிள்ளையைக் கேட்கிறது. தனியார் பள்ளியின் வேனோ 3 வயதிலேயே எல்கேஜிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களும் எல்கேஜியிலேயே நிரம்பிவிடுவதால், அரசே கட்டணம் கொடுத்துத் தன் பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளையை அனுப்பிவைக்கும் நிலை உண்டாகிறது. இரண்டு ஆண்டுகள் அங்கே பழகிய குழந்தையை எந்தத் தாய் திரும்ப அழைத்து வருவாள்? 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளை அரசு தொடங்கியது; ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த மையங்கள் என்பதால் எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

தேர்ச்சி விழுக்காட்டை வைத்து இத்தகைய பள்ளியை எடைபோடுவதும் நியாயமன்று. ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் வாசிக்கத் தடுமாறினாலே கணக்கில் கால் பங்கு குறைந்துவிடும். 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்பது சட்டத்தின் கணக்கு. தலைமை ஆசிரியர் வட்டார அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் நாளில், மீதமுள்ள ஓர் ஆசிரியை ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நெருக்கடியிலும் அங்கே படிப்பு நடக்கிறது. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது, வகுப்புகள் ஏற்கெனவே கலந்து உட்காரும் எங்கள் பள்ளிக்கு இயல்பாகப் பொருந்திவிட்டது. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்பிக்கொண்டு, காலை உணவுப் பலகையில் இருந்ததை "வேண்போங்கல்" என்று வாசித்த மூன்றாம் வகுப்புச் சிறுமி, சில மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை அதே பலகையின் முன் நின்று, எழுத்தெழுத்தாக விரல் வைத்து, "வெண்பொங்கல்" என்று திருத்தமாக வாசித்தாள். ஆசிரியையின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

கோடையில் மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனபோது, ஆசிரியர் எப்படி, பாடம் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, "எல்கேஜி இருக்கிறதா?" என்றே கேட்டார்கள். பள்ளியில் ஓர் அறை காலியாகப் பூட்டிக் கிடக்கிறது, அங்கன்வாடியோ இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அதை அந்த அறைக்கு மாற்றித் தருமாறு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். மூன்று வயதுப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் அனைவரும் அன்று வந்து கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.