அம்மாவின் பதினாறு எழுத்து

சிங்கப்பூரில் பகல் ஒரு மணி என்றால் ஊரில் பத்தரை. கோர்ட் கூடும் நேரம். அம்மாவின் வழக்கில் வாய்தா இருக்கிற நாட்களில் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

வழக்கு, தாத்தாவின் ஆறு மா நிலத்தைப் பற்றியது. பட்டுக்கோட்டைப் பக்கம். பாதி நஞ்சை, பாதி தென்னந்தோப்பு. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது, உயில் எழுதாமல் போய்விட்டார். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மாமாக்கள் இருவரும் “பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சாச்சே” என்றார்கள். அம்மா மூன்று வருடம் பேசிப் பார்த்தார். கடைசியில் 2016இல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். கூடப் பிறந்தவர்கள் மேல் கேஸ் போட வேண்டி வந்ததே என்று அன்று ராத்திரி அவர் அழுத அழுகையை நான் பார்த்தேன். அதனால்தான் யாராவது இதைப் பேராசை என்று சொன்னால் எனக்குத் தாங்காது.

என் மகன் பிறந்ததும் அம்மா சிங்கப்பூரில் ஈசூனுக்கு எங்களோடு வந்துவிட்டார். வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நம்பினோம். மாதம் ஒரு தடவை அம்மா குமாஸ்தாவுக்குப் போன் போடுவார். “நடந்துகிட்டு இருக்கும்மா, அடுத்த மாசம் வாய்தா.” எப்போது கேட்டாலும் அதே பதில். அம்மா அதைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, அரிசி டப்பாவுக்குக் கீழே வைப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மேக்ஸ்வெல் உணவங்காடியில் உட்கார்ந்திருந்தபோது, நாமே பார்த்தால் என்ன என்று தோன்றியது. இந்திய நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையப் பக்கத்தைத் திறந்தேன். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் எல்லாம் தேர்ந்தெடுத்தாயிற்று. கையில் வழக்கு எண் இல்லாததால் பெயரை வைத்துத் தேட வேண்டியிருந்தது. அம்மாவின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு விதமாகப் போட்டும் ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், ‘நிலுவை’ என்ற இடத்தில் புள்ளி வைக்கப்பட்டிருந்தது. ‘இரண்டும்’ என்று மாற்றிவிட்டு மறுபடி தேடினேன். அம்மாவின் பெயர் வந்தது. முடிந்த வழக்குகளின் வரிசையில்.

உள்ளே போனால் வழக்கின் ஜாதகமே இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு வரி. தேதியைத் தொட்டால் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வார்த்தை. வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். வாதி தரப்புச் சாட்சிக்காகப் போடப்பட்டது. வாதி வரவில்லை. மறுபடி போடப்பட்டது. வரவில்லை. ‘கடைசி வாய்ப்பு.’ அடுத்த தேதியில், ‘வாதி அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி.’

அழைத்திருக்கிறார்கள். கோர்ட் வாசலில் டவாலி அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா அந்த நேரம் ஈசூனில் பேரனுக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்திருப்பார். வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று ஒருவர்கூட அவருக்குச் சொல்லவில்லை.

வக்கீலுக்குப் போன் போட்டேன். “பாத்துக்கலாம்மா” என்றார். நான் விடவில்லை. ஊரில் வேறொரு வக்கீலைப் பிடித்துக் கேட்டபோது அவர் முதலில் கேட்டது, “தள்ளுபடி ஆகி எத்தனை நாள்?” பத்தொன்பது நாள். வாதி வராமல் தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்புக்குக் கொண்டுவர முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும். அதற்கு மேல் போனால் தாமதத்துக்குத் தனியாக ஒரு மனு, அதற்கு ஒரு சண்டை. அந்த வாரமே அம்மாவைத் திருச்சி விமானத்தில் ஏற்றினேன். இருபத்தைந்தாம் நாள் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மாமாக்களுக்கு நோட்டீஸ் போய், அவர்கள் ஆட்சேபித்து, வழக்கு திரும்பக் கோப்புக்கு வர எட்டு மாதம் ஆனது. நான் அந்த மதியம் பார்க்காமல் இருந்திருந்தால்? நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஊரில் கேஸ் வைத்துக்கொண்டு இங்கே இருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி என்று கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கு ஒரு வரப்புத் தகராறாவது இருக்கும். அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். சி.என்.ஆர். எண்ணை வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தில் ஒரு எண் உண்டு. முதல் இரண்டு மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு கோர்ட்டைக் குறிக்கும் இரண்டு இடம், ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் வருடம். இது இருந்தால் பெயரும் வேண்டாம், ழகரமும் வேண்டாம். ஒரு காசு கட்டணம் கிடையாது. கேட்டால் வக்கீல் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். அது உங்கள் வழக்கு.

‘முடிந்தது’ என்று காட்டினாலும் பதறாமல் உள்ளே போய்ப் படியுங்கள். பாகப்பிரிவினையில் முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு வரும். நிலத்தை அளந்து பிரித்துக் கொடுப்பது அதற்குப் பிறகுதான். அப்பீல் மதுரை வரைக்கும் போயிருந்தால் ஐகோர்ட்டின் இணையப் பக்கத்தில் மதுரைக் கிளை என்று தேட வேண்டும். 2004இலிருந்து நம் பக்கத்து மாவட்டங்களுக்கு அதுதான். நடந்தது உடனே ஏறிவிடாது. எங்கள் கேஸில் சில நாள் இங்கே ராத்திரி ஒன்பதுக்கு மேல் வரும், சில நாள் மறுநாள்.

அதில் எல்லாம் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஏன் ஒத்திவைத்தார்கள், அடுத்து நாம் என்ன கொண்டுபோக வேண்டும் என்பதற்கு நல்ல வக்கீல் வேண்டும். ஆனால் தேதி தெரிந்தவருக்கு வக்கீல் சொல்லும் பதிலே வேறு மாதிரி இருக்கிறது. “பதினெட்டாம் தேதி சாட்சிக்குப் போட்டிருக்காங்களே, நான் டிக்கெட் போடட்டுமா?” என்று அம்மா கேட்டால், எதிர்முனையில் கேஸ் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்கிறது.

ஆம், இப்போது அம்மாதான் பார்க்கிறார். பேரனின் பழைய நோட்டில் அந்தப் பதினாறையும் பெரிது பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். கோணல் மாணலாக வரும் எழுத்தை அடிக்கச் சொல்கிற இடத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே பிடித்து, ஒவ்வொன்றாகத் தட்டுவார். தப்பானால் அடுத்தது. என்னிடம் தர மாட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஊருக்குப் போய்க் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லிவிட்டு வந்தார். பவர் எழுதிக் கொடுத்தால் போதாது, உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று புது வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். குறுக்கு விசாரணை ஒன்றரை மணி நேரம். இப்போது வழக்கு பிரதிவாதி தரப்புச் சாட்சியில் நிற்கிறது.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். “இங்க வா, இது என்னன்னு படி.” படித்தேன். முதல் சாட்சி ஆஜராகவில்லை. ஒத்திவைப்பு. முதல் சாட்சி பெரிய மாமா.

“அண்ணன் வரலையா?” என்றார். மறுபடி போனை வாங்கிப் பார்த்தார். “அது அப்படியெல்லாம் வராம இருக்கிற ஆளில்லையே. ஒடம்புக்கு எதுவும் முடியலையோ?”

எட்டு வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டு, போனில் அண்ணியின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.