டொயோட்டா 86-க்கு 18 அங்குல ரிம் வாங்கி, திரும்ப 17-க்கே வந்த கதை

ரிவர்ஸ் எடுக்கும்போது ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் வரும், நேராக்கினால் போய்விடும். புது ரிம் போட்டு வீட்டுக்கு வந்த முதல் நாளே இது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “என்னப்பா, காசு கொடுத்து சத்தம் வாங்கிட்டு வந்திருக்கே?” என்றார்.

கார் டொயோட்டா 86, 2013 மாடல், மேனுவல் கியர். 2019-இல் இங்கே மலேசியாவில், கிள்ளானில் செகண்ட் ஹேண்டாக எடுத்தது. பழைய ஓனர் ஸ்பிரிங் மாற்றி சுமார் 25 மி.மீ இறக்கி வைத்திருந்தார், மற்றபடி எல்லாம் ஒரிஜினல். 17 அங்குல ரிம், 7 அங்குல அகலம், டயர் 215/45/17. ஓட்ட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் நின்று பார்த்தால் டயர் உள்ளே ஒடுங்கிப்போய், அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற காரணமெல்லாம் அப்புறம் நானாகச் சேர்த்துக்கொண்டது.

ஒருவர் 18 அங்குல ரிம் ஒரு செட் டயரோடு விற்றார். அகலம் 8.5, ஆஃப்செட் 35 (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்), ஐந்து ஓட்டை, பிசிடி, அதாவது அந்த ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 100 மி.மீ. டயர் 235/40/18. விலை மலிவு. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டை பொருந்த வேண்டும் என்பது மட்டும்தான். கடைகளில் கிடக்கும் ஐந்து ஓட்டை ரிம்களில் பல 114.3, இந்தக் காருக்கு 100. அது பொருந்திவிட்டது, போதும் என்று நினைத்தேன். மாட்டிக்கொடுத்த கடைக்காரரும் “நுழையும் பாஸ், பிரச்சினை இல்லை” என்றார். நுழைந்ததுதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் மாட்டும்போதே முதல் கோளாறு நடந்துவிட்டது. முன்னால் டொயோட்டா சின்னம் இருப்பதால் கடைப் பையன் டொயோட்டா நட்டை எடுத்து, ஏர் கன்னில் வைத்து அடித்தான். இரண்டு சுற்று போய் இறுகி நின்றது. இன்னொரு அடி அடித்தான். நட்டு ஏறும் கம்பியான ஸ்டட் ஒன்றின் புரி போச்சு. விஷயம் என்னவென்றால், இந்த 86-ஐ டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கினாலும், கார் வெளிவந்தது சுபாருவின் குன்மா தொழிற்சாலையிலிருந்து. அடியில் சக்கரத்தைத் தாங்கும் ஹப், ஸ்டட் எல்லாம் சுபாரு வழி. வழக்கமான டொயோட்டா நட்டு 12 மி.மீ, புரி இடைவெளி 1.5. இதற்கு 12 மி.மீ, புரி இடைவெளி 1.25. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் இப்போதெல்லாம் யார் மாட்டினாலும், முதல் நாலைந்து சுற்றை விரலால் திருகச் சொல்கிறேன், அப்புறம்தான் கன். கடைசி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், 120 நியூட்டன் மீட்டர்.

நடு ஓட்டையிலும் அதே கதை. ஹப்பின் நடுவட்டம் 56.1 மி.மீ. வெளியே விற்கும் ரிம்கள் எந்தக் காருக்கும் போகட்டும் என்று பெரிய ஓட்டையோடு வரும், என்னுடையது 73.1. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். கடையில் கொடுத்தது டொயோட்டா வளையம், உள்வட்டம் 54.1. ஏறவில்லை. “இல்லாட்டியும் ஓடும்” என்று சொல்லி அப்படியே முடுக்கிவிட்டார்கள். ஓடத்தான் செய்தது, 95 தாண்டினால் ஸ்டீரிங் நடுங்கிக்கொண்டு. இரண்டு முறை பேலன்சிங் செய்து காசைக் கரைத்த பிறகுதான் வளையம் ஞாபகம் வந்தது. சரியான 56.1 வளையம் போட்டதும் நடுக்கம் போய்விட்டது.

சத்தம் மட்டும் போகவில்லை. பின்னால் இரண்டு பேரை உட்காரவைத்து மேடு ஏறினால் பின் சக்கரமும் உரசும். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வளைவுகளில் வண்டி முன்பு போலத் துள்ளவில்லை, ஏதோ சேற்றில் போவது மாதிரி. இந்த எஞ்சினில் 3,500 ஆர்பிஎம்முக்கும் 4,500-க்கும் நடுவில் டார்க், அதாவது இழுவிசை, கொஞ்சம் பள்ளம் விழும், 86 ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பள்ளம் இப்போது இன்னும் ஆழமாகிவிட்ட மாதிரி இருந்தது. என் பிரமை என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிரமை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதை வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை.

215/45/17 என்றால் அகலம் 215 மி.மீ, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். 215-இல் 45 சதவீதம் 96.75. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 193.5. ரிம் 17-ஐ 25.4-ஆல் பெருக்கினால் 431.8. கூட்டினால் டயரின் முழு விட்டம் 625.3 மி.மீ. நான் போட்டிருந்த 235/40/18-க்கு இதே கணக்கு 645.2. கிட்டத்தட்ட 20 மி.மீ, அதாவது 3.2 சதவீதம் பெரிது. காரை 25 மி.மீ இறக்கிவிட்டு, சக்கரத்தை மேலேயும் முன்னேயும் பின்னேயும் பத்துப் பத்து மி.மீ வளர்த்திருக்கிறேன். உரசாமல் என்ன செய்யும்?

நான் ஏமாந்தது அந்த நடு எண்ணில். ரிம் ஒரு அங்குலம் ஏறினால் நடு எண் 5 இறங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 45 போய் 40 ஆகிவிட்டதே, சரிதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அது சதவீதம். 235-இல் 40 சதவீதம் 94 மி.மீ. பழையது 96.75. ஒரு அங்குலம் ரிம் வளர்ந்ததற்கு ஈடாகப் பக்கச்சுவர் மூன்று மி.மீ கூடக் குறையவில்லை. அகலத்தையும் சேர்த்து ஏற்றியதன் விளைவு.

விட்டம் வளர்ந்தால் எல்லா கியரும் 3 சதவீதம் நீண்டது மாதிரி, இழுவை அந்த அளவுக்குக் குறையும். ஸ்பீடோமீட்டரும் மாறும். பழைய டயரில் மீட்டர் 110 காட்டும்போது போனில் ஜிபிஎஸ் 105 காட்டும். மீட்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா. விதிமுறை. 235 போட்டபின் அதே 110-இல் ஜிபிஎஸ் 108-ஐத் தாண்டிவிட்டது. இன்னும் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டரில் 110 என்று நினைத்துக்கொண்டு 110-க்கு மேலே ஓட்டியிருப்பேன், நெடுஞ்சாலை கேமரா என் கணக்கையெல்லாம் கேட்காது. ஓடோமீட்டரும் குறைத்து எண்ணும், விற்கும்போது லாபம் என்று நண்பன் சிரித்தான்.

இப்போது ஆஃப்செட். இதுதான் எனக்குப் புரிய நாளானது. ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். ஒரிஜினல் ரிம் 7 அங்குலம், ஆஃப்செட் 48. அகலத்தில் பாதி 88.9. அதில் 48-ஐக் கழித்தால் ஹப்பிலிருந்து வெளியே 40.9, கூட்டினால் உள்ளே 136.9. என் 8.5 ரிம், ஆஃப்செட் 35: பாதி 107.95, வெளியே 72.95, உள்ளே 142.95. உள்ளே 6 மி.மீதான் கூடியிருக்கிறது, ஷாக் பக்கம் இடிக்காது. வெளியே 32 மி.மீ. அந்த 32-தான் ஸ்டீரிங் ஒடிக்கும்போது உள் பிளாஸ்டிக்கைத் தேய்த்தது. இங்கே ஜேபிஜேகாரர்கள், அதாவது சாலைப் போக்குவரத்துத் துறையினர், மட்கார்டுக்கு வெளியே நீட்டும் டயரையும் விடமாட்டார்கள். என்னுடையது விளிம்போடு நின்றது, அந்த வரைக்கும் தப்பித்தேன்.

கடைசியில் பெடரல் ஹைவேயில் ஒரு பள்ளம் முடிவு சொன்னது. முன் இடது டயரின் பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். 18 அங்குலம் போட்டதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சுவர் உயரம்தான் கிட்டத்தட்ட அதேதானே. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் பார்த்தேன்: 0814. 2014-ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். நான் வாங்கும்போதே ஆறு வயசு. தரையில் படும் பக்கத்தில் பூ நன்றாக ஆழமாகத் தெரிந்ததால் வயதைப் பார்க்கவே இல்லை. டயரோடு ரிம் மலிவாகக் கிடைத்தால், டயரின் விலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

“ஒண்ணு மட்டும் வேற பிராண்ட் வாங்கிப் போட்டுரு மச்சான்” என்றார்கள். எஞ்சின் சுற்றுவது பின்சக்கரங்களை, இது முன்சக்கரம்தானே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் பிராண்டுக்குப் பிராண்ட் விட்டத்தில் சில மி.மீ மாறும், இந்தக் காரில் நான்கு சக்கரமும் ஒரே அளவு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போடுவேன். பின்பக்கம் டோர்சன் டிஃபரன்ஷியல் இருக்கிறது, எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது, அதில் இடதும் வலதும் வெவ்வேறு உயரத்தில் சுற்றுவது நல்லதல்ல. ஆக நான்கையும் மாற்ற வேண்டும். அப்படியென்றால் முதலிலிருந்தே யோசிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

18-லேயே இருக்கலாம் என்றால் 225/40/18, விட்டம் 637.2, ஒரிஜினலைவிட 1.9 சதவீதம் அதிகம். பலரும் போடுகிறார்கள், கோல்ஃப் ஜிடிஐ அளவு என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கணக்குப்படி அழகாக விழுவது 215/40/18, 629.2, வெறும் 0.6 சதவீதம். பிறகு வந்த ஜிஆர் 86-க்கு டொயோட்டாவே 18 அங்குலத்தில் தேர்ந்தெடுத்தது இதைத்தான், 7.5 அங்குல ரிம்மில். ஆனால் நான் கேட்ட கடைகளில் ஸ்டாக் இல்லை, வந்த ஒன்றிரண்டிலும் சுமை எண் 85. என் ஒரிஜினல் டயரில் இருந்தது 87 டபிள்யூ, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ, வேகம் 270 வரை. 85 என்றால் 515 கிலோ. காரோடு வந்ததைவிடக் கீழே இறங்க மனசில்லை. கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகையில் 89 உண்டு, காத்திருக்க வேண்டும்.

அதற்குள் குளியலறை எடை மெஷினை வெளியே கொண்டுவந்து, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். பழைய 17, டயரோடு சுமார் 18.5 கிலோ. 18 அங்குலம் 22. ஒரு சக்கரத்துக்கு மூன்றரை கிலோ, அதுவும் சுற்றும் எடை. சேற்றில் போன உணர்வுக்கு மீதிக் காரணமும் கிடைத்துவிட்டது. அம்மா மெஷினைத் துடைத்து உள்ளே வைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

அன்றே 17 என்று முடிவாகிவிட்டது. ஒரிஜினல் ரிம் 7 அங்குலத்திலேயே 225/45/17 உட்காரும், அந்த அளவுக்கு 7 முதல் 8.5 வரை ஏற்கும். ஆனால் குறுகிய ரிம்மில் அகல டயர் போட்டால் ஓரம் உப்பி, வளைவில் மெத்தை மாதிரி அசையும். அதனால் 17 அங்குலம், 8 அகலம், ஆஃப்செட் 45. வெளியே 15.7 மி.மீ, உள்ளே 9.7 மி.மீ கூடும், இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. 245/40/17 கூடப் பார்த்தேன், விட்டம் 627.8, ஆசையைக் கிளப்பும் எண். ஆனால் அதற்கு எட்டுதான் கீழ்வரம்பு, எட்டரை ஒன்பது இருந்தால்தான் நன்றாக உட்காரும். தவிர 200 குதிரைசக்தி காருக்கு அவ்வளவு பிடிப்பு எதற்கு? இதற்குத் தொழிற்சாலையில் போட்டுவந்த மிச்செலின் பிரைமசி, டொயோட்டா பிரியஸில் வந்த அதே டயர். வால் கொஞ்சம் ஆடட்டும் என்றே வைத்தது. அந்தக் குணத்தை முழுக்கக் கொன்றுவிட எனக்கு இஷ்டமில்லை.

225/45/17, விட்டம் 634.3, ஒரிஜினலைவிட 1.4 சதவீதம். சுமை எண் 94, வேகக் குறியீடு ஒய். பைலட் ஸ்போர்ட் 4 நான்கு வாங்கினேன். பில்லைப் பார்த்த அப்பா, “உன் தாத்தா பந்திங்ல காலம் பூரா பால்மரம் வெட்டினாரு, இவ்ளோ வெள்ளிய ஒரு நாளும் சேத்துப் பாத்ததில்ல” என்றார். டயரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த முறை மாட்டும்போது வளையமும் நட்டும் நானே கொண்டுபோனேன். முன்சக்கரத்தைப் போட்டதும் காரை இறக்கி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தோம். பின்பக்கத்துக்குக் கடைக்காரரையும் அவர் தம்பியையும் பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். 86 பின்சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெரிய உதவி. அப்புறம் அலைன்மென்ட். மீட்டர் 110-இல் ஜிபிஎஸ் 106, 107. சத்தம் இல்லை. செம்பா வளைவுகளில் பழைய கார் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது, மழையில் முன்பைவிட நம்பி பிரேக் மிதிக்கலாம். பின்னால் நின்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் ஒடுக்கம்தான். பழகிவிட்டது.

18 அங்குல ரிம்மை டயர் இல்லாமல் விற்றேன். வாங்க வந்த பையன் பிஆர்இசட் வைத்திருக்கிறான், 86-இன் சுபாரு இரட்டை, இதேபோல இறக்கியது. “அண்ணே, இதுக்கு 235 நுழையுமா?” என்றான்.

“நுழையும். திரும்புமான்னு கேளு” என்றார் அப்பா, வாசலிலிருந்தே.

225/40 போடச் சொல்லி, 56.1 வளையங்களையும் கையில் கொடுத்தேன். ஐம்பது வெள்ளி குறைத்துக் கேட்டான், சரி என்றேன்.