வெள்ளைப் பேசினில் ஒரு கெளுத்தி

போன மாதம் ரங்கூனிலிருந்து போன் வந்தது. நம் வகுப்பில் அங்கேயே தங்கிவிட்ட நண்பன். "விஞ்ஞான சார் போய்ட்டாருடா" என்றான். நம் பழைய மாணவர் மலருக்கு எழுத உட்கார்ந்தால் அந்தக் கெளுத்தியைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

1963, எட்டாம் வகுப்பு. மொகிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸுக்குப் போகவேண்டிய இரண்டு கெளுத்திகளைச் சார் சந்தையிலிருந்து உயிரோடு வாங்கி வந்திருந்தார். ஒன்றை வெள்ளை எனாமல் பேசினில் விட்டார், இன்னொன்றைக் கறுத்த மண்சட்டியில். மதியம் திரும்பி வந்து பார்த்தால் பேசின் மீன் வெளிறிக் கிடந்தது. சட்டி மீனைக் குனிந்து தேட வேண்டியிருந்தது.

"ஏன் வெளுத்தது?"

"பயத்துல சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. காது சுட, தலை குனிந்து நின்றேன். சார் சிரிக்கவில்லை. "இருக்கலாம், எனக்குத் தெரியலை. பெரியவனானதும் தேடிப் பாரு, கிடைச்சா எனக்கும் சொல்லு" என்றார்.

அப்புறம் பலகையில் நட்சத்திரம் மாதிரி ஒரு செல்லை வரைந்தார். உள்ளே கறுப்புப் பொடி. அது கிளைகளில் பரவினால் மீன் கறுக்கும், நடுவில் ஒடுங்கினால் வெளுக்கும். மேலிருந்து விழும் வெளிச்சத்தையும் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் கண் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நரம்பும் ஹார்மோனும் அந்தச் செய்தியைத் தோலுக்குக் கொண்டுபோகின்றன. பார்வையில்லாத மீனால் தரைக்கு ஏற்ப மாற முடியாது. சாயந்திரம் இரண்டையும் அவரே குளத்தில் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் கடைகள் நாட்டுடைமையாயின. அப்பாவின் கடையும் போயிற்று. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பலேறினோம். சாரிடம் சொல்லிக்கொள்ள நேரமில்லை என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தேன். நேரம் இருந்தது. கப்பலுக்குப் பதினோரு நாள் காத்திருந்தோம். சாரைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து போகவில்லை.

சென்னையில் என் பேச்சில் பர்மியச் சொல் விழுந்தால் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றே மாதத்தில் ஒரு சொல்லும் விழாமல் பேசப் பழகினேன். இன்று பர்மிய நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையில் இரண்டு கிழவிகள் பர்மிய மொழியில் பேசிக்கொண்டால் எனக்குப் பாதிதான் புரிகிறது. அது மனதை அறுக்கிறது.

1996-இல், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் தட்டைமீனைச் சதுரங்கக் கட்டம் போன்ற தரைகளில் விட்டுப் பார்த்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. 2 முதல் 8 விநாடிக்குள் மீன் தன் உடம்பின் புள்ளிகளைத் தரைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதாம். அதைப் படித்த வேகத்தில் இன்னும் தேடினேன். பெரும்பாலான மீன்களில் கறுப்புப் பொடியை ஒடுக்குவது நரம்பு விடுகிற நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள். மிரண்ட மீனின் உடம்பிலும் அதே வகைப் பொருள்தான் பெருகும்.

கிடைத்து இத்தனை வருஷமாகியும் நான் எழுதவில்லை. நம் எல்லோர் முன்னாலும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பயத்துலயும் வெளுக்கும் சார்.