கயிற்றுக் கட்டிலும் ஒரு மதிப்பெண் நோட்டும்

ஆடி மாதத்து மதியம் ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே சாத்திவைத்திருந்த தாத்தாவின் கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டேன். அன்று நான் குளித்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் நான்கு மாதமாக மனச்சோர்வு. அழுகைகூட வராது. சோறு, பேச்சு, தூக்கம் எதிலும் பிடிப்பு இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வீடே வைகைக்குக் கிளம்பிப் போனது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். என் மனைவி பயந்துபோய் என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றது அதற்குப் பிறகுதான்.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். அடுத்த முறை போனபோது, “கடைசியாகக் கையால் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தினமும் ஒரே நேரத்தில், அரை மணி நேரம், உடம்பு அசையும்படி ஏதாவது செய்யச் சொன்னார். தொடங்கும் முன் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், முடித்த பின் எத்தனை என்று நோட்டில் குறித்துவரச் சொன்னார். “செய்யத் தோன்றினால் செய்கிறேன் என்று இருக்காதீர்கள். இந்த நோயில் அப்படித் தோன்றவே தோன்றாது.”

அந்தப் பேச்சுதான் என்னை உலுக்கியது. சோர்வு வந்தவன் ஒதுங்குகிறான். ஒதுங்குவதால் மனசுக்கு நிறைவு தரும் வேலையும் மனிதர்களும் குறைந்துபோகிறார்கள். அதனால் சோர்வு இன்னும் கனக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களிலேயே இந்தச் சுழலை விளக்கியிருக்கிறார். செயலில் தொடங்கி மனசை மீட்கும் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்ததுதான். 2016இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, இங்கிலாந்தில் மனச்சோர்வு உள்ள 440 பேரை வைத்து நடந்தது. மனச்சோர்வைக் குறைப்பதில், எண்ணங்களைத் திருத்தும் உளவியல் சிகிச்சைக்குச் செயலில் தொடங்கும் இந்தச் சிகிச்சை குறைந்ததில்லை என்று அதில் தெரிந்தது. படித்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்த அரை மணி நேர வேலைக்காகத்தான் தாத்தாவின் கட்டிலை எடுத்தேன். முதல் வாரம் முழுவதும் சுத்தம் செய்வதிலேயே போனது. இற்றுப்போன கயிற்றை அறுத்து எடுத்தேன். வேப்பமரச் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். கடைசல் பிடித்த கால்களின் வளையங்களுக்குள் இருந்த அழுக்கைத் தென்னங்குச்சியால் நோண்டி எடுத்து, வேப்பெண்ணெய் பூசினேன். நோட்டில் மூன்று நாளும் ‘முன் 2, பின் 2’. நான்காம் நாள் ‘பின் 3’. அந்த 3 இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

கீழமாசி வீதிப் பக்கம் போய்த் தேங்காய் நார்க் கயிறு வாங்கினேன். நான்கு மாதத்தில் தனியாகக் கடைவீதிக்குப் போனது அன்றுதான். பின்னத் தெரியாது என்று சோழவந்தானில் இருக்கும் தாய்மாமாவுக்குப் போன் செய்தேன். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

“கயிற்றைத் தண்ணீரில் நனை மாப்பிள்ளை. அப்போதுதான் வளைந்து கொடுக்கும்” என்றார். கால்மாட்டில் ஒரு முழம் விட்டு, குறுக்கே தடித்த கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டினார். அதற்கும் தலைமாட்டுச் சட்டத்துக்கும் இடையில்தான் பின்னல். மூலையில் தொடங்கிச் சாய்வாகப் போக வேண்டும். எதிர்ச்சாய்வில் வரும்போது, கிடக்கும் இழைகளில் இரண்டின் மேல், இரண்டின் கீழ் நுழைக்க வேண்டும். ஒவ்வோர் இழையையும் சட்டத்தில் காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து இழுத்தால்தான் இறுகும். பத்து இழையில் பனியன் நனைந்துவிட்டது. ஈரக் கயிறு விரல் இடுக்கில் எரிந்தது. வியர்வை கண்ணில் இறங்க, ‘மேலே இரண்டு, கீழே இரண்டு’ என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனேன். மாமா காபி குடிக்கக் கூப்பிட்டபோதுதான், கடந்த ஒரு மணி நேரமாக அந்தப் பழைய யோசனைகள் எதுவும் தலைக்குள் ஓடவில்லை என்று உணர்ந்தேன். எண்ணிக்கை தப்பினால் பின்னல் கோணும். அதனால் வேறு எதற்கும் உள்ளே இடம் கிடைக்கவில்லை. வெறும் நடைப்பயிற்சியில் எனக்கு இது வாய்க்கவில்லை. கால் நடக்கும், மனசு பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

பதினாறாம் நாள் பெரிய அடி. நடுவில் ஓர் இடத்தில் மூன்று இழைக்கு மேல் போட்டிருந்தேன்; அதற்குப் பின் வந்த பின்னல் அத்தனையும் தவறு. பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க, ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்ற குரல் திரும்ப வந்தது. அடுத்த இரண்டு நாள் நோட்டு வெறுமையாக இருக்கிறது. இரண்டாம் நாள் இரவு தூக்கம் வராமல் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்தேன். கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளைக்கு எவ்வளவு சிறிய வேலை என்றால் முடியும் என்றார். ஓர் இழை என்றேன்.

மறுநாள் ஓர் இழைதான் போட்டேன். முன் 1, பின் 2. அதற்கு அடுத்த நாள் மகள் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, “அப்பா, நான் எண்ணுகிறேன், நீங்கள் இழுங்கள்” என்றாள். அன்றைக்கு ‘பின் 5’.

முப்பத்தைந்தாம் நாள் பின்னல் முடிந்தது. கால்மாட்டு இடைவெளியில் இழுப்புக் கயிற்றைக் கோத்து மாமாவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று முறுக்கினோம். மாமா உள்ளங்கையை விரித்து நடுவில் அழுத்திப் பார்த்தார். சில நாள் படுத்தால் தொய்யும், அப்போது இழுப்புக் கயிற்றை மட்டும் முறுக்கினால் போதும் என்றார். என் இரண்டு உள்ளங்கையிலும் காய்ப்பு ஏறியிருந்தது. மனைவி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாத்திரை தொடர்கிறது. கட்டிலா, மாத்திரையா, எது எவ்வளவு குணமாக்கியது என்று பிரித்துச் சொல்லும் அறிவு எனக்கில்லை, அது தேவையும் இல்லை. எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பவர்களிடம் ‘ஏதாவது வேலை செய், சரியாகிவிடும்’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அதைச் சொன்னவர் மாத்திரையும் கொடுத்தார், அரை மணி நேரம் என்று அளவும் கொடுத்தார். பிறகு மாமா பஸ் ஏறி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

நேற்று ‘முன் 5, பின் 7’. மாமா வீட்டுத் திண்ணையில் பிரிந்து கிடக்கும் கட்டில் ஒன்று இருக்கிறது. அதற்கும் கயிறு வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை மகளோடு சோழவந்தான் போகிறேன்.